திருப்பி ஏற்றிய ரத்தம்

12-3-84
மகன் சங்கரபாண்டியன் மறுபடியும் மதுரைக்குப் போயிருக்கிறான், ரத்தக் கம்பெனிக்கு. நூல் கிடைக்காமல் தறி நின்றதிலிருந்து இதுதான் பிழைப்பு. ரத்தத்தை எடுத்து மிஷினில் சுற்றி, மேலே தெளியும் மஞ்சள் நீரை அவர்கள் காசு கொடுத்து எடுத்துக்கொண்டு, சிவப்பை அவனுக்கே திருப்பி ஏற்றுகிறார்கள். "நம்ம ரத்தம் நம்மகிட்டயே வந்துருதுப்பா, நமக்கென்ன நஷ்டம்" என்கிறான். உடம்பின் சத்து அந்த நீரில்தான் இருக்கிறது என்று நூலகத்தில் படித்ததைச் சொன்னேன். பள்ளிக்கூடம் போகாத நான் படித்தது யாருக்கு வேண்டும்?

15-3-84
அவனுக்குக் கால் வீங்கியிருக்கிறது. இன்றும் போனான். சொன்னேன் - கேட்டானா?

16-3-84
திருநெல்வேலி ஆஸ்பத்திரி. நேற்று ரத்தம் திரும்ப ஏறும்போதே இடுப்பு வலித்து நடுங்கியிருக்கிறான். கம்பெனியில் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவனே வந்து சொன்னான். அவனும் நம்மூர்தான், கீழத்தெரு. அவன் பெயரும் சங்கரபாண்டியன். கூப்பிட்டால் தெருவே திரும்பிப் பார்க்கும் பெயர். பாட்டிலில் பெயரையும் ஊரையும் மட்டும் எழுதுகிறார்கள். அவன் ரத்தத்தை என் மகனுக்கு ஏற்றிவிட்டார்கள். இவனுடையதை அவனுக்கு ஏற்றுமுன் தெரிந்துவிட்டதாம். குரூப் வேறு. சிறுநீர் கறுப்பாகப் போய், இப்போது வரவே இல்லை.

18-3-84
சிறுநீரகத்தின் வேலையைச் செய்யும் மிஷின் வேலூரில் இருக்கிறது, உடனே போங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கம்பெனி மேனேஜர் காரோடு வந்தான். செலவெல்லாம் அவர்களுடையதாம். நான் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும்: பையனுக்கு முன்பே சிறுநீரகக் கோளாறு, கம்பெனி மேல் தப்பில்லை. பாட்டில் மாறிப்போச்சு என்று முதலில் உன் வாயால் சொல்லு என்றேன். கடிகாரத்தைப் பார்க்கிறான். போட மாட்டேன் என்றேன்.

என் பொண்டாட்டி முத்துத்தாய் அழவில்லை. "உம்ம வீம்பு ஜெயிச்சிரும். புள்ள இருக்க மாட்டான்" என்றாள்.

அதே நாள்
போட்டேன்.

9-5-84
வீட்டுக்கு வந்துவிட்டான். சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான். தறியில் இனி உட்கார முடியாதாம். உயிர் இருக்கிறது.

21-5-84
காலையில் பஸ் ஸ்டாண்டில் மதுரை பஸ்ஸுக்கு நிற்கிறார்கள், நம் தறிக்காரப் பையன்கள். கீழத்தெரு சங்கரபாண்டியனும். போகாதீங்கடா, பாட்டிலை மாத்திக் கொல்லுறானுவ என்று சத்தம் போட்டேன். எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவன் தரையைப் பார்த்தபடி சொன்னான்.

"அவுக மேல தப்பில்லன்னு நீருதான அண்ணாச்சி கையெழுத்துப் போட்டுக் குடுத்தீரு. அங்கன கம்பெனில அதக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்காவ."

பஸ் வந்தது. ஏறினார்கள்.