அலுமாரிக்குள் மாதா

ஒக்டோபர் 14, செவ்வாய்

கார் விஷயம் இன்றோடு முடிந்தது.

வாடகைக்கு, ஹயர் ஓட என்று வாங்கிய புதுக் கார். மூன்று வாரமாக ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிடுகிறது, ஏதோ மின்கோளாறு. வாங்கிய அன்று, கோயிலில் பாதர் ஜெபித்து மந்திரித்த கையோடு, மனைவி றெஜினாவின் தம்பி முன்பக்கத்தில் மாதா சுரூபத்தை ஒட்டி அதற்கொரு சின்ன விளக்கும் பூட்டினான். வெளியாள் வயரில் கை வைத்தால் உத்தரவாதம் செல்லாதாம். அதனால் நேற்று விளக்கைக் கழற்றி, சுரூபத்தைத் துவாயில் சுற்றி அலுமாரிக்குள் வைத்தேன்.

இன்று கராஜுக்குக் கம்பனி ஆள் வந்தார். றெஜினாவும் பக்கத்தில் நின்றாள். வட்டமாகக் காய்ந்திருந்த பசையை அவர் விரலால் தடவினார்.

“இதில என்ன இருந்தது?”

“ஒண்டுமில்லை.”

“ஏதும் சுருவம், விளக்கு?”

“இல்லை.”

அவர் கையை உள்ளே விட்டு, நான் கவனிக்காமல் விட்ட சிவப்பு வயர்த் துண்டை இழுத்தார்.

“அப்ப இது? மாதா விளக்குக்கு இழுத்ததோ?”

“எங்களிட்ட மாதாவும் இல்லை, விளக்கும் இல்லை.”

“வெளி வயறிங். வொறன்டி தர ஏலாது ஐயா,” என்று எழுதிக்கொண்டு போனார்.

எனக்குக் கோபம் வரவில்லை. வெட்கமும் வரவில்லை. பஸ்ஸில் வீட்டுக்கு வந்து தேத்தண்ணீர் குடித்தேன். நாளைய ஹயரை வேண்டாம் என்று சொல்ல வேண்டும், இன்னும் சொல்லவில்லை.

றெஜினா அலுமாரியைத் திறந்து, துவாயை விரித்து, சுரூபத்தை எடுத்து மேசையில் வைத்தாள். ஏசுவாள் என்று காத்திருந்தேன்.

“மூண்டு தரம் கேட்டவர், மூண்டு தரமும் மறுதலிச்சிட்டியள்,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்துவிட்டாள்.