தொண்ணூற்றெட்டு சதவீதம்

ஜூலை 8, 2024, திங்கள்

சிராஜ் எங்கள் மும்பை விக்ரோலி ஆய்வகத்தில் சேர்ந்து இரண்டு மாதம். இன்றும் வினையில் கிடைத்த விளைச்சல் தொண்ணூற்றெட்டு சதவீதம் என்கிறான். காசநோய் மருந்துக்காகப் பதினோரு சேர்மங்கள் செய்துவிட்டான். ஒன்றுகூடத் தொண்ணூற்றைந்துக்குக் கீழே இறங்கவில்லை. பதினைந்து வருடமாக இதே வேலை செய்கிறேன். எனக்கு அறுபது வந்தாலே கொண்டாட்டம்.

ஜூலை 9

கேட்டேவிட்டேன்.

“கிளிக் கெமிஸ்ட்ரி அப்படித்தாங்க்கா. சல்ஃபரும் ஃப்ளூரினும் கெட்டியா ஒட்டிக்கிட்டுச் சும்மா கெடக்கும். சரியான ஜோடி வந்தாத்தான் ஃப்ளூரின் எடத்த விட்டுக்கொடுக்கும். வேற குப்பையே சேராது” என்றான், சிரித்துக்கொண்டே.

பழைய வேலையிலும் ஒருவர் சிரித்துக்கொண்டேதான் பொய் எண்களை எழுதினார். அறிக்கையில் என் பெயரும் இருந்தது. வேலை போனது எனக்கும்தான்.

ஜூலை 12, வெள்ளி

அவன் ஜும்மாவுக்குப் போயிருந்தபோது அவன் குறிப்பேட்டைப் புரட்டினேன். ஓர் அடித்தல் இல்லை. இவ்வளவு சுத்தமாக யார் எழுதுவார்கள்? நாளைக்கு இந்தச் சேர்மம் யாரோ ஒரு நோயாளியின் உடம்புக்குள் போகுமே —

ஜூலை 15

மேலாளர் ஜஹாங்கீரிடம் புகார் எழுதியே கொடுத்துவிட்டேன்.

ஜூலை 16

விசாரணை முடியும்வரை வர வேண்டாம் என்று சிராஜிடம் சொல்லிவிட்டார்கள். பையை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தான். நான்தான் என்று தெரிந்திருக்குமோ?

ஜூலை 23

சரிபார்க்கும் வேலை என் தலையில். அவன் எழுதியபடியே இரட்டை அறைக் குடுவை எடுத்தேன். ஓர் அறையில் உண்டாகும் சல்ஃபியூரைல் ஃப்ளூரைடு வாயு மற்றதிலுள்ள பீனாலைப் போய்ப் பிடிக்கும். நேற்று வைத்ததை இன்று எடை போட்டேன். தொண்ணூற்றேழு.

தராசு சரியில்லையா?

ஜூலை 25, வியாழன்

வேறு தராசு. மறுபடியும் தொண்ணூற்றேழு. சேர்மத்தின் தூய்மையைக் காட்டும் என்.எம்.ஆர். வரைபடத்திலும் ஒரு பிசிறு இல்லை. அய்யோ, என்ன காரியம் பண்ணிட்டேன் நான்!

புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டு நேரே தாராவிக்குப் போனேன். சிராஜின் மனைவி நூர் நிஷா கதவைத் திறந்தாள். “ஒம்பது நாளா அவுக சரியாவே சாப்பிடல” என்றாள்.

புகார் கொடுத்தது நான்தான் என்று அவனிடம் சொன்னேன்.

“ஒரு வார்த்தை எங்கிட்டக் கேட்டிருந்தா, பக்கத்துல நிக்க வச்சுச் செஞ்சு காட்டியிருப்பேம்லாக்கா.”

டீ கொடுத்தார்கள். பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

ஆகஸ்ட் 5, திங்கள்

சிராஜ் வேலைக்கு வந்துவிட்டான். என் பக்கத்து இடம் வேண்டாமென்று ஜன்னலோரம் கேட்டு வாங்கிக்கொண்டான்.

அதே முறையில் இன்று புதுச் சேர்மம் ஒன்று. எனக்கு முப்பத்தொன்றுதான் வந்தது. அவனிடம் கேட்க வாய் வரவில்லை. சாயங்காலம் அவனே, தலை நிமிராமல், அங்கிருந்தபடியே சொன்னான்:

“மூடி ரப்பர் தேஞ்சிருக்கும் மேடம். வாயு கசியுது.”

பார்த்தேன். தேய்ந்துதான் இருந்தது. மாற்றிவிட்டு வந்தேன்.