பாப்பாவின் தூக்கத்துக்கு நான் பேசிய விலை

சுமதி, என் வீட்டுக்காரியே,

நீ இருந்தவரை உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'இன்னாம்மே' என்பேன், நீ திரும்பிப் பார்ப்பாய். இப்போது பேரைச் சொல்லித்தான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. அதற்கே கூச்சமாக இருக்கிறது. சொல்லப்போகிற விஷயத்துக்கு அதைவிடக் கூச்சமாக இருக்கிறது.

நீ போய் இந்த ஆடியோடு வருஷம் திரும்புகிறது. உன் தம்பி வந்து, "மாமா, கடைத்தெருவுல பெருசா ஒரு பேனர் வெச்சிடலாம், அக்கா போட்டோ நல்லா சிரிச்ச மாதிரி ஒண்ணு இருக்குது" என்றான். வேண்டாம் என்றுவிட்டேன். படத்தை மாட்டிவிட்டால் பேச வேண்டியதைப் பேசாமலே தப்பித்துவிடலாம். எனக்கு அது நன்றாக வரும். அதனால்தான் வியாபாரிகள் சங்க மலரில் ஒரு பக்கம் கேட்டு வாங்கி இதை எழுதுகிறேன். நாலு பேர் படித்துச் சிரிப்பார்கள். மலையில் அத்தனை பேர் முன்னால் தலைகுனிந்து நின்றாயிற்று, இனிமேல் கள்ளக்குறிச்சியில் மறைத்து என்ன ஆகப்போகிறது?

விஷயம் பாப்பாவைப் பற்றியது. தன்ஷிகா என்று நீ செல்போனில் தேடி வைத்த பேர் எனக்கு இன்னும் வாயில் நுழையவில்லை. பள்ளிக்கூடத்தில் அப்படிக் கூப்பிடுகிறார்கள். எனக்கு அவள் பாப்பாதான்.

உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன ராத்திரி அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். உனக்கு மூச்சு வாங்கியது. அப்படியும் கட்டில்கிட்டே ஒரு நிமிஷம் நின்றாய். "எழுப்பாத, அழும்" என்றாய். காலையில் அவள் எழுந்தபோது நீயும் இல்லை, நானும் இல்லை. நைனார்பாளையத்திலிருந்து என் அக்கா வந்து அவளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் கூட்டி வந்தோம். சின்னப் பிள்ளை, பார்க்க வேண்டாம் என்று பெரியவர்கள் சொன்னார்கள். எனக்கும் அது சௌகரியமாக இருந்தது. அவளுக்கு என்ன சொல்வது என்று அன்றைக்கு நான் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

வந்த நாளிலிருந்து அவள் தூங்கவில்லை. அழுது அடம்பிடித்தாலாவது புரியும். இவள் சத்தமில்லாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொள்வாள். பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்குகிறவர்கள் மாதிரி தலை தொங்கும், சட்டென்று நிமிரும். தண்ணீர் கேட்பாள். ஒண்ணுக்கு என்பாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு, "எரியுதுப்பா, ஆனா தூக்கம் வேணாம்" என்பாள்.

குழந்தை டாக்டரிடம் காட்டினேன். உடம்புக்கு ஒன்றுமில்லை என்றார். படுக்கிற நேரத்தை மாற்றாதீர்கள், படுக்கப் போகும்போது செல்போன் காட்டாதீர்கள், பக்கத்தில் ஒரே ஆள் படுங்கள் என்றார். அந்த ஒரே ஆள் நான் என்பது எனக்கு உறைக்கவேயில்லை. ஒரு நாள் நான் படுத்தேன், ஒரு நாள் கிடங்கில் லோடு இறங்குகிறதென்று, துணைக்கு வந்து தங்கியிருந்த அக்காவிடம் விட்டேன். அக்கா உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள், கயிறு மந்திரித்துக் கட்டினாள். எதுவும் பலிக்கவில்லை. பகலில் எனக்குத் தராசு முள் இரண்டாகத் தெரிந்தது. ஒரு தரம் பாப்பாவின் மேல் கையை ஓங்கிவிட்டேன். அக்கா பாய்ந்து பிடித்துக்கொண்டாள். பாப்பா கண்ணை மூடவில்லை சுமதி. அடி விழப்போகிறது என்று தெரிந்தும் மூடவில்லை.

எனக்குத் தெரிந்த வித்தை ஒன்றுதான். சைக்கிளில் புளி மூட்டை கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போன காலத்திலிருந்து அதை வைத்துத்தான் மேலே வந்தேன். அதையே அவளிடமும் காட்டினேன்.

"பாப்பா, கண்ண மூடிப் படுத்தீன்னா காலையில முட்டை சாக்லேட்."

"எத்தினி?"

"ஒண்ணு."

"ரெண்டு கண்ணு இருக்குதேப்பா."

சிரித்துவிட்டேன். இரண்டாகக் கொடுத்தும் விட்டேன். நீ போன பிறகு அந்த வீட்டில் நான் சிரித்தது அதுதான் முதல் தடவை. அது கொஞ்ச நாள் ஓடியது. அப்புறம் விலை ஏறியது. மூன்று சக்கர சைக்கிள், பேசும் பொம்மை, கோழிக்குஞ்சு. அக்கா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "இன்னாடா நீ, பெத்த புள்ளகிட்ட சந்தை போட்டுகினு கெடக்குற" என்றாள். நான் காதில் வாங்கவில்லை. பிறகு ஒரு நாள் எதைச் சொன்னாலும் பாப்பா 'வேணாம்' என்றாள். எதுவும் வேண்டாம் என்கிறவரிடம் வியாபாரி என்ன செய்ய முடியும்?

"அப்ப உனுக்கு இன்னாதாம்மா வேணும்?"

"அம்மா."

இங்கேதான் நான் அதைச் செய்தேன். யோசித்துச் செய்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. வாய் பழக்கத்தில் வந்துவிட்டது. "தூங்கு. நீ தூங்கினாத்தான் அம்மா வரும். மலைக்குப் புளி எடுக்கப் போயிருக்குது. விடிஞ்சா வண்டியில வந்துடும்."

சீசனில் நீ என்னோடு மலைக்கு வந்து, வண்டியில் முன்னால் உட்கார்ந்து இறங்குவாயே, அதை அவள் பார்த்திருக்கிறாள். அதனால் நம்பினாள். நம்பின உடனே தூங்கினாள். விடியும்வரை புரண்டுகூடப் படுக்கவில்லை. கேட்டால் காறித் துப்புவாய், நானும் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் வண்டிச் சத்தம் கேட்டதும் ஓடினாள். முன்பக்கம் எட்டிப் பார்த்தாள். யாரும் இல்லை. பின்பக்கம் போய், தார்ப்பாயை அவிழ்க்கச் சொல்லி டிரைவரிடம் கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார். நான், "நாளைக்கு வரும் பாப்பா" என்றேன். சரக்கு நாளைக்கு, நாளைக்கு என்று இழுத்தடிக்கிறவர்களை நான் எப்படியெல்லாம் திட்டியிருக்கிறேன்! அன்று முதல் அவள் கொஞ்ச நஞ்சம் தூங்கியதும் போயிற்று.

அக்கா அப்போதே சொன்னாள். "இல்லாத சரக்க இருக்குதுன்னு சொல்லிட்டியேடா. நாளைக்கு அந்தப் புள்ள கைநீட்டி கேட்டா இன்னாத்த குடுப்ப?"

"நீயே பக்குவமா சொல்லிடேன்க்கா."

"நான் ஏன் சொல்லணும்? உன் வாயில வந்தது, உன் வாயாலயே போவட்டும்."

நான் சொல்லவில்லை. மாசிவரை சொல்லவில்லை.

மாசியில் புளி எடுக்கப் போகும்போது பாப்பாவையும் கூட்டிப்போனேன். உண்மையைச் சொல்லக் கூட்டிப்போனேன் என்று நினைத்துக்கொள்ளாதே. வண்டி ஆட்டத்தில் குழந்தைகள் தூங்கிவிடும் என்று யாரோ சொன்னார்கள், அதுதான் காரணம். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறினோம். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அவள் தலை என்மேல் சாயும். அவளே தன் கன்னத்தைக் கிள்ளிக்கொண்டு நிமிர்ந்துவிடுவாள்.

வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ராமாயக்காவின் மரங்களை வருஷா வருஷம் நாம்தானே எடுக்கிறோம். மரம் பூத்திருக்கும்போதே விலை பேசிவிட்டு வருவேன், பழம் உதிர்க்கும்போது அதே விலைக்கு எடுப்பேன். எழுத்து கிடையாது, சாட்சி கிடையாது. சொன்னால் சொன்னதுதான் என்று அந்த மலையில் எனக்கு ஒரு பேர் உண்டு. உனக்கும் அதில் பெருமைதான்.

"வா யாவாரி. பூவுல பேசுன வெலய பழத்துல கம்மி பண்ணமாட்டியே?" என்று ராமாயக்கா வம்புக்கு இழுத்தார்.

"என்னைக்குக்கா பண்ணிகிறேன்?"

"அந்தத் தெம்புலதான் மரத்த உனுக்கு உட்டுட்டு ஒக்காந்துகிறோம். கீழ இருக்கிறவனுங்க ஜாஸ்தி குடுக்கிறேன்னு வந்தானுங்க, தொரத்தி உட்டுட்டேன்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். திரும்பிப் பார்த்தால் பாப்பா பக்கத்தில் இல்லை.

அவள் வாசல் வாசலாகப் போய்க்கொண்டிருந்தாள். புளி ஓடு உடைத்துக்கொண்டிருந்த பெண்களிடம் நின்று நின்று கேட்டாள்: "எங்கம்மா இங்கதான புளி எடுக்குது? எந்த வூடு?"

ஓடு உடைக்கிற சத்தம் ஒவ்வொரு வாசலாக நின்றது. உன் காரியத்துக்கு வந்தவர்கள் அவர்கள். ராமாயக்கா எழுந்து என்னிடம் வந்தார்.

"இன்னா யாவாரி, புள்ளகிட்ட நீ சொல்லலியா?"

"சின்னப் புள்ளக்கா, தாங்காதுன்னு..."

"யாரு தாங்காது? அதுவா, நீயா?"

நான் தரையைப் பார்த்தேன். அவர் விடவில்லை.

"எங்ககிட்ட ஒரு பேச்சு, புள்ளகிட்ட ஒரு பேச்சா உனுக்கு?"

என் வாழ்க்கையில் எத்தனையோ பேர் என்னைத் திருடன் என்று திட்டியிருக்கிறார்கள். எடை போடுகிறவனைத் திட்டத்தான் செய்வார்கள். அதெல்லாம் என்மேல் ஒட்டியதில்லை. இது ஒட்டியது. இந்த ஊர் என் சொல்லை நம்பி மரத்தை விடுகிறது, என் மகள் என் சொல்லை நம்பி வீடு வீடாகத் தேடுகிறாள். அவளை மட்டும் ஏமாற்றினால் யார் கேட்கப் போகிறார்கள் என்றுதானே இருந்தேன்?

பாப்பாவைத் தூக்கிவந்து ஒரு மூட்டைமேல் உட்காரவைத்து, நான் கீழே உட்கார்ந்தேன்.

"ஏன் பாப்பா நீ தூங்கவே மாட்டேங்கிற?" இந்தக் கேள்வியை நான் அதுவரை கேட்டதே இல்லை, சுமதி. எத்தனையோ பேரம் பேசினேன், ஏன் என்று ஒரு தரம் கேட்கவில்லை.

"நான் தூங்கினா அம்மா வந்துட்டு எழுப்பாம போயிடுது. அன்னிக்கும் எழுப்பாமதான போச்சு."

அதுதான் காரணம். உன்னைத் தவறவிடக் கூடாது என்று அத்தனை ராத்திரியும் அவள் காவல் இருந்திருக்கிறாள். அந்தக் காவலுக்கு அவளை நிறுத்தியவன் நான்.

"அம்மா சாமிகிட்ட போயிடுச்சி பாப்பா" என்றேன். அப்போதுகூட வாய் நேராகப் பேசவில்லை பார்.

"சாமிகிட்டருந்து எப்ப வரும்?"

"வராது."

"நான் தூங்கினா?"

"தூங்கினாலும் வராதும்மா."

"முழிச்சிகினே இருந்தா?"

"அப்பவும் வராது. அம்மா செத்துப்போச்சு. மூச்சு நின்னுபோச்சு. அன்னிக்கு அப்புறம் உன்னைப் பார்க்க வரவும் இல்ல, எழுப்பாம போவவும் இல்ல. அப்பா உன்கிட்ட பொய் சொல்லிட்டேன்."

 அவள் என்னை அடித்தாள். இரண்டு கையாலும் முகத்தில், தோளில், கைக்கு எட்டிய இடத்திலெல்லாம். நான் தடுக்கவில்லை. ராமாயக்கா, "அடிக்கட்டும், உடு" என்று சொல்லிவிட்டு மற்றவர்களை அழைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனார். உனக்காக அவள் அழ வேண்டிய அழுகையெல்லாம் அந்த மரத்தடியில்தான் அழுதாள். விக்கல் எடுத்து ஓய்ந்த பிறகு, என் சட்டையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"அப்ப நான் தூங்கட்டா?"

என்னிடம் அனுமதி கேட்டாள், சுமதி. மாற்று ஆள் வந்த பிறகு காவல்காரர் கேட்பாரே, அந்த மாதிரி. "தூங்கும்மா" என்றேன். மூட்டைமேலேயே சுருண்டு படுத்தாள். லோடு ஏற்ற வந்தவர்கள் மூட்டையை எப்போதும் 'தொம்'மென்று போடுவார்கள், அன்றைக்குக் கையால் தாங்கி மெதுவாக வைத்தார்கள். யாரும் அவர்களிடம் சொல்லவில்லை.

அன்றோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆகவில்லை. இப்போதும் இடையில் எழுந்து உட்காருகிறாள். முன்னே மாதிரி விடிய விடிய இல்லை, அவ்வளவுதான். "செத்துப்போறதுன்னா தூங்கறதாப்பா?" என்று ஒரு நாள் கேட்டாள். "இல்ல, தூங்கினா எழுந்துக்கலாம்" என்றேன். சரியாகச் சொன்னேனா என்று தெரியவில்லை. நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? நான் எதைச் சொன்னாலும் "நெசமா?" என்று ஒரு தரம் கேட்டுக்கொள்கிறாள். நாளைக்கு லீவு என்றால் நெசமா, இட்லி இருக்குது என்றால் நெசமா. ஒவ்வொரு தடவையும் எனக்கு முகம் சுருங்கிப்போகிறது. கேட்கட்டும். அவளுக்கு அந்த உரிமை இருக்கிறது.

படுக்கிற நேரத்தை இப்போது மாற்றுவதில்லை. சாயந்தரம் வருகிற லோடைக் காலையில்தான் இறக்குகிறோம். பக்கத்தில் நான்தான் படுக்கிறேன். என் சட்டைப் பொத்தான் ஒன்றைப் பிடித்துக்கொண்டு திருகிக்கொண்டே இருப்பாள், தூக்கம் வந்தால் விரல் நின்றுவிடும். உன்னிடம் எதைப் பிடித்துக்கொண்டு தூங்குவாள்? தாலிக்கயிறா, முந்தானையா? நீ இருந்தபோது ஒரு நாளாவது அவளைத் தூங்கவைக்க நான் உட்கார்ந்திருந்தால் இதை உன்னிடம் கேட்க வேண்டியிருக்காது. கடையைச் சாத்திவிட்டு வருவேன், இரண்டு பேரும் தூங்கியிருப்பீர்கள், சோற்றைப் போட்டுத் தின்பேன். குழந்தை என்றால் தானாகத் தூங்குகிற பொருள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். என் வாக்கு இப்போது என்ன விலைக்குப் போகும் என்று உனக்கே தெரியும், இருந்தாலும் வாங்கிக்கொள். அவளைத் தூங்கவைக்க இனி உன் பேரை எடுக்க மாட்டேன். அவள் விழித்திருக்கும்போது எடுப்பேன். நீ எப்படிச் சிரிப்பாய், என்னை எதற்கெல்லாம் திட்டுவாய், உனக்கு எது பிடிக்காது என்று தெரிந்ததைத் தெரிந்தபடி சொல்வேன். தெரியாததைத் தெரியாது என்பேன். தூங்கு என்று சொன்ன பிறகு, அவள் தூங்கும்வரை வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் கிடப்பேன்.

பாப்பாவுக்கு அப்பாவாக இப்போதுதான் பழகிக்கொண்டிருக்கும்,
உன் வீட்டுக்காரன்