முதுகுப் பக்கம்

ஜனவரி 12

அன்புத் தங்கைக்கு,

நலமா? போன் செய்தால் எடுப்பதில்லை. கிழித்துப் போடுவதற்காகவாவது கடிதத்தைக் கையில் எடுப்பாய் என்றுதான் எழுதுகிறேன்.

அம்மா போன பிறகு வீடு வெறிச்சென்று கிடக்கிறது. கடைசியில் அவள் உன் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். நீயும் வந்தாய், மூலையில் நின்றாய், என்னோடு ஒரு வார்த்தை பேசாமல் பஸ் ஏறிவிட்டாய். சொந்தக்காரர்கள் என்னைத்தான் கேட்டார்கள். என்ன பதில் சொல்வேன்?

விபத்துப் பிரிவுக்கு இப்போது நான்தான் தலைவர். நீ வேலை பார்த்த காலத்துத் துருப்பிடித்த கட்டில்களெல்லாம் போய்விட்டன. ஆம்புலன்ஸ் நேராகக் கூடத்துக்குள்ளேயே வந்து நிற்கும். உன் அண்ணி இன்னமும் மயக்க மருந்து டாக்டராக அங்கேயேதான் இருக்கிறாள். ஒரே கூரையின் கீழ் வேலை, ஆனாலும் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டு நாளாகிறது.

அந்தப் பழைய விஷயத்தை இன்னும் எத்தனை காலம் மனதில் வைத்துக்கொண்டிருப்பாய்? உன் மேல் இங்கே யாருக்கும் கோபமில்லை. ஒருமுறை வந்து போ.

அன்புடன்,
அண்ணன்

ஜனவரி 20

அண்ணனுக்கு,

கடிதத்தைக் கிழிக்கவில்லை. இரண்டு தடவை படித்தேன். என் மேல் யாருக்கும் கோபமில்லை என்று எழுதியிருக்கிறாய் பார், அந்த இடத்தில் சிரித்தே விட்டேன். இடித்துவிட்டுப் போன லாரிக்காரன் திரும்பி வந்து, ‘போகட்டும், உன்னை மன்னிச்சிட்டேன்’ என்று சொன்ன மாதிரி இருந்தது.

உனக்கு மறந்திருக்கும். எனக்கு மறக்காது. மத்தியானம், ஷிப்ட் மாறுகிற நேரம். கத்திக்குத்து வாங்கிய பழக்கடைக்காரரைக் கொண்டுவந்தார்கள். வயிற்றில் ஒரு காயம். நீ அதிலேயே குனிந்திருந்தாய். நான் அவருடைய சட்டையை வெட்டி எடுக்கும்போது முதுகுப் பக்கத்து ரத்தத்தில் கையுறை நனைந்தது. “டாக்டர், திருப்பிப் பாத்துடலாம்” என்றேன். நீ காதில் வாங்கவில்லை. மறுபடியும் சொன்னேன். “முன்னாடி இருக்கறத முதல்ல பாரும்மா” என்று எரிந்து விழுந்தாய். அவர் உயிர் போன பிறகுதான் திருப்பினோம். தோள்பட்டைக்குக் கீழே இன்னொரு குத்து இருந்தது.

விசாரணையில், “நர்ஸ் எங்கிட்ட சொல்லவே இல்ல” என்றாய். அன்று அவருடைய தலைமாட்டில் நின்ற அண்ணி எல்லாவற்றையும் கேட்டவள். அவளும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் பேச எழுந்தபோது, துணைக்கு வந்திருந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அவன் டாக்டர்டி. அவன் போனா குடும்பமே போச்சு. உனக்கென்ன, வேற எடத்துல சேந்துக்கலாம். நான் உயிரோட இருக்கற வரைக்கும் வாயத் தொறக்க மாட்டேன்னு சொல்லு.” சொன்னேன். வெளியே வந்தால், அந்தப் பழக்கடைக்காரரின் மனைவி என் முகத்துக்கு நேராக வந்து நின்று, “நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவர் பொழைச்சிருப்பார்” என்றாள்.

பெயர் கெட்ட நர்ஸை எந்த ஆஸ்பத்திரி சேர்க்கும்? பல் டாக்டர் ஒருவர் சேர்த்துக்கொண்டார். வருகிறவர்களையெல்லாம் வாயைத் திறக்கச் சொல்வதுதான் என் வேலை. என் வாயை மட்டும் மூடியே வைத்திருந்தேன்.

அம்மாவுக்குக் கொடுத்த வார்த்தையைக் காப்பாற்றிவிட்டேன். இப்போது அம்மா இல்லை.

தங்கை

பிப்ரவரி 2

அன்புத் தங்கைக்கு,

ஆத்திரம் தீர எழுதிவிட்டாய். நல்லது, மனதில் வைத்திருப்பதைவிட அது மேல். ஆனால் ஒன்று யோசித்துப் பார். அந்தக் கூச்சலிலும் ரத்தத்திலும் யார் என்ன சொன்னார்கள் என்று இப்போது யாரால் சொல்ல முடியும்? நீ மனதுக்குள் சொல்லியிருப்பாய். எனக்குக் கேட்டிருக்காது.

உனக்கு ஆறுதலாக ஒன்று சொல்கிறேன். அந்தச் சாவு வீண்போகவில்லை. இப்போது என் கூடத்தில் யார் வந்து விழுந்தாலும் முதுகைப் பார்க்காமல் விடமாட்டேன். பயிற்சிப் பிள்ளைகள் எனக்குத் ‘திருப்பு டாக்டர்’ என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். விபத்தை எப்படிச் சமாளிப்பது என்று நடத்தும் ஒவ்வொரு ஒத்திகையிலும், நோயாளியைத் திருப்பிய கையோடு அந்தக் கதையைச் சொல்வேன். ஒரு நர்ஸ் பார்த்தும் சொல்லாமல் இருந்தாள், ஒரு உயிர் போயிற்று, அதனால் எதைக் கண்டாலும் பயப்படாமல் சொல்லுங்கள் என்பேன். உன் பெயரைச் சொல்வதில்லை, கவலைப்படாதே.

இந்த மாதக் கடைசி சனிக்கிழமை பெரிய ஒத்திகை. பஸ் கவிழ்ந்ததாகக் கற்பனை. மேலிடத்து அதிகாரிகளும் மற்ற ஆஸ்பத்திரி டாக்டர்களும் பார்க்க வருகிறார்கள். காயம்பட்டவர்களாகப் படுக்க ஆள் பிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. வாசலில் வந்து நிற்கிறவர் யார் எவர் என்றுகூடக் கேட்பதில்லை. கழுத்தில் அட்டையை மாட்டி, சிவப்புச் சாயத்தைப் பூசிப் படுக்கவைத்துவிடுகிறோம். இது முடியட்டும், உன்னை நேரில் வந்து அழைக்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதம் வந்தது. ஒரு குழப்பத்தில் இருந்தேன், படித்ததும் தெளிந்துவிட்டது. ஒத்திகை நல்லபடியாக நடக்கட்டும். எத்தனை பெரிய மனிதர்கள் வந்தாலும் கூச்சப்படாமல் அந்தக் கதையைச் சொல். விட்டுவிடாதே.

அன்புடன்,
தங்கை

மார்ச் 4

உனக்கு,

நீ மனுஷிதானா?

திட்டமிட்டு வந்திருக்கிறாய். முகமெல்லாம் சாயம், கழுத்தில் பட்டை, மூக்கில் ஆக்சிஜன் மாஸ்க். ஆம்பிளை மாதிரி முடியை வெட்டிக்கொண்டு என் முன்னால் கட்டை போலக் கிடந்தாய். அண்ணி தலையைப் பிடித்து “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்றாள். திருப்பினோம். அத்தனை பேர் முன்னாலும் நான் வழக்கம்போலச் சொல்ல ஆரம்பித்தேன். ‘நர்ஸ் சொல்லவில்லை’ என்று முடிக்கும்போது, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தவள் மாஸ்க்கை இழுத்துவிட்டு, “சொன்னேன். ரெண்டு தடவை சொன்னேன்” என்கிறாய்.

யாரோ பைத்தியம், வெளியே கொண்டுபோங்கள் என்றேன். அப்போதாவது முடிந்திருக்கும். உன் அண்ணி உன் தலையிலிருந்து கையை எடுக்கவே இல்லை. “ஆமா, சொன்னா. நான் கேட்டேன்” என்றாள். மேலிடத்து அதிகாரி ஒருவர் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார். கடைசி வரிசையில் ஒரு பயிற்சி நர்ஸ் அழுதாள்.

பழைய விசாரணையைத் திரும்ப எடுக்கிறார்கள். என்னை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். அண்ணி பெட்டியோடு அவள் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். ஆத்திரத்தில் உளறிவிட்டேன் என்று ஒரு வரி எழுதிக் கொடு. உன் காலைப் பிடிக்கச் சொன்னாலும் பிடிக்கிறேன். ஒரே ரத்தம் நாம். அம்மா இருந்திருந்தால் இப்படிச் செய்திருப்பாயா?

அண்ணன்

மார்ச் 11

அண்ணனுக்கு,

அம்மா இருந்திருந்தால் செய்திருக்க மாட்டேன். அதைத்தான் ஜனவரியிலேயே உனக்கு எழுதினேன். நீ கடிதத்தையும் முன்பக்கம் மட்டும் பார்க்கிறவன்.

நீ கேட்ட ஒரு வரியை எழுதினேன், விசாரணைக் குழுவுக்கு. ‘சொன்னேன்’ என்று. அண்ணி தனியாக எழுதியிருக்கிறாள். பழக்கடைக்காரரின் மனைவியைத் தேடிப் போய்ப் பார்த்தேன். கதவைத் திறந்தவள் என்னை அடையாளம் கண்டுகொண்டு மூடப் போனாள். வாசலில் நின்றே எல்லாவற்றையும் சொன்னேன். விசாரணைக்கு அவளும் வருகிறாள். நீ எனக்கு வாங்கிக் கொடுத்த கெட்ட பெயரை நீயே எடுத்துக்கொள். எனக்கு உன் மேல் கொஞ்சம்கூட இரக்கம் வரவில்லை. வரும் என்று நினைத்தேன், வரவில்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் எனக்கு நெஞ்சு ஆறாது. அன்று ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளியபோது எனக்குப் பயமாகத்தான் இருந்தது. எழுந்து ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன். தலைமாட்டுக்கு வந்த அண்ணி குனிந்து ஒருமுறை பார்த்தாள். சாயத்துக்குள்ளும் என்னைக் கண்டுகொண்டாள். யாரையும் கூப்பிடாமல், என் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

அப்புறம் நீ வந்தாய். நாடி பிடித்தாய். கண் இமையை விரித்து டார்ச் அடித்து, இந்தக் கண், அந்தக் கண் என்று பார்த்தாய். உன் மூச்சு என் முகத்தில் பட்டது. சின்ன வயதில் என் கண்ணில் தூசி விழுந்தால் இப்படித்தான் விரித்து ஊதுவாய். ‘நீயா’ என்று கேட்டுவிடு என்று மனதுக்குள் கெஞ்சினேன். கேட்டிருந்தால், அம்மா மேல் சத்தியம், வாயைத் திறந்திருக்க மாட்டேன். எழுந்து உன்னோடு வீட்டுக்கு வந்திருப்பேன்.

நீ டார்ச்சை அணைத்துவிட்டு, “இது ஓகே, திருப்புங்க” என்றாய்.

இனி எழுதாதே, பிரிக்க மாட்டேன். என்றைக்காவது மறுபடி அந்தக் கூடத்துக்குள் உன்னை விட்டார்கள் என்றால், திருப்புவதற்கு முன்னால் முகத்தைப் பார்.

இப்படிக்கு,
அந்த நர்ஸ்