மேஜர் சொன்ன விஷ்ராம்

புனே, 9-8-2003

அன்புள்ள சியாமளா அக்காவுக்கு, தம்பி அருணாச்சலத்தின் வணக்கம். அத்தானுக்கு இருமல் தேவலையா? நான் இங்கே புலி மாதிரி இருக்கிறேன்.

என்.சி.சி. பிள்ளைகளை நடத்தும் என்னைப் போன்ற டிரில் மாஸ்டர்களுக்குப் பட்டாளத்தோடு தங்கிக் கூடுதல் பயிற்சி உண்டு என்று எழுதியிருந்தேன் அல்லவா? புனே முழுக்கச் சலித்து என்னைத்தான் எடுத்தார்கள். அங்கே வைத்த ஓட்டத்தில் நான்தான் முதல். பாதியில் முழங்கால் கொஞ்சம் மக்கர் செய்தது, அவ்வளவுதான்.

மேஜர் வந்து, "மாஸ்டர்ஜி, ஆப் விஷ்ராம் கீஜியே" என்றார். டிரில்லில் விஷ்ராம் என்றால் காலை அகட்டி, கையைப் பின்னால் கட்டி நிற்க வேண்டும். நின்றேன். மற்றவர்கள் ஓடி முடித்துச் சாப்பிடப் போன பிறகும் நின்றேன். ஜெனரலாலும் அப்படி நிற்க முடியாது! கடைசியில் மதுரைக்கார ஹவில்தார் ஒருவர் வந்து, "அண்ணே, அது ஆர்டர் இல்ல. உங்கள வீட்டுல போயி ஓய்வெடுக்கச் சொல்லிட்டாரு. இனி வர வேணாம்ணே" என்றார். ஒரு மாதமாக என் காதில் விழுந்த ஒரே தமிழ் அதுதான்.

கவலைப்படாதே. முழங்காலுக்குத் தைலம் ஒரு புட்டி அனுப்பு. உன் பையன் மனோஜை இரண்டு வரி எழுதச் சொல். மாமா பீரங்கி சுட்டார் என்று சொல்லி வை. பட்டாளத்தோடு நான் நிற்கும் போட்டோவுக்கென்று நீ வாங்கிய கண்ணாடிச் சட்டத்தில் அவன் படத்தையே போட்டுவிடு.

தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார், ஓடுகிறேன். ஓட்டத்தில்தான் நான் முதலாயிற்றே.

தம்பி
அருணாச்சலம்