உன் பாட்டு இல்லாத பட்டியல்

இன்று காலை பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது போன் அதிர்ந்தது. பாட்டு ஆப் அனுப்பியிருந்தது. இந்த வருடம் நான் அதிகம் கேட்ட பாட்டுகளாம், கலர் கலராக, வாழ்த்துகளோடு. பயந்துகொண்டேதான் திறந்தேன். முதலில் உன் பாட்டு நிற்கும், அதைப் பார்த்து ஸ்டாண்டு நட்ட நடுவில் அழுது தொலைப்பேன் என்று நினைத்தேன். ஒன்றுகூட இல்லையடா. மேலிருந்து கீழ்வரை தள்ளித் தள்ளிப் பார்த்தேன். எல்லாம் என்னுடையது.

நீ போனது ஆகஸ்டில். அதுவரைக்கும் என் அக்கவுண்டில்தானே கேட்டுக்கொண்டிருந்தாய்? அப்படித்தான் நான் நம்பிக்கொண்டிருந்தேன். முதல் வருடம் பாஸ்வேர்டு போட்டதே நீதான். "ஒண்ணு போதும் மச்சான். ரெண்டு பேருக்கும் சேத்து நாலு காதுதான கீது" என்றாய். காலேஜ் பஸ்ஸில் ஒரே இயர்போன், ஆளுக்கு ஒரு காது. உன் போனில் உனக்கு ஒரு பாட்டு, என் போனில் எனக்கு ஒரு பாட்டு. உன் முறைக்கு எப்போதும் கானா. அதிலும் ஒரே ஒரு கானாவைத் தேய்ந்துபோகும் அளவுக்குப் போடுவாய். நான் ஜன்னல் வழியே செம்பரம்பாக்கம் ஏரிக்கரையைப் பார்த்தபடி என் முறைக்குக் காத்திருப்பேன்.

போன டிசம்பரிலும் இதே மாதிரி பட்டியல் வந்தது. பெருமையாக வகுப்பு குரூப்பில் போட்டேன், சரியாகப் படிக்காமலே. ஐந்தில் நாலு உன் கானா. "இன்னாடா, அயனம்பாக்கம் ஃபிளாட்டுல சாவா?" என்று ஒருத்தன் என் வீட்டைச் சொல்லிக் கேட்டான். கானா என்றால் சாவு வீட்டுப் பாட்டு என்ற கிண்டல். வரிசையாகச் சிரிப்பு பொம்மைகள் வந்தன. நான் எழுதினேன்: "அது நான் இல்லப்பா. பூந்தமல்லி பார்ட்டி ஒண்ணு என் அக்கவுண்ட்ல ஓசில கேக்குது."

நீயும் அந்தக் குரூப்பில்தான் இருந்தாய். நீயும் ஒரு சிரிப்பு பொம்மை போட்டாய். மறுநாள் வழக்கம்போல எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தாய். விஷயம் முடிந்தது என்று நானும் குரூப்பில் போட்ட அந்தப் பட்டியல் படத்தை அழித்துவிட்டேன்.

ஜனவரியிலிருந்து உன் போனில் பாட்டுக்கு நடுவே விளம்பரம் வர ஆரம்பித்தது. "ஏண்டா விளம்பரம்லாம் வருது?" என்று கேட்டேன். "நெட்டு மக்கர் பண்ணுது நைனா, வுடு" என்றாய். விட்டுவிட்டேன். கம்ப்யூட்டர் படிக்கிறேன் என்று பேர். சந்தா கட்டிய அக்கவுண்டில் விளம்பரம் வராது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். யோசிக்கவில்லை. உன்னைப் பற்றி யோசிக்க என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டேன்.

நாலு பேர் முன்னால் என் சட்டையைப் பிடித்திருக்கலாமே, பாவி. ஒரு கெட்ட வார்த்தையாவது சொல்லியிருக்கலாமே. சத்தமில்லாமல் என் அக்கவுண்டிலிருந்து வெளியேறிவிட்டு, அந்த விளம்பரத்தையும் என் காதில் பாதி வைத்தாய்.

காய்ச்சல் என்று படுத்தவன் ஐந்தாம் நாள் இல்லை. உன் அப்பாவின் லேத் பட்டறை ஷட்டரைப் பாதி இறக்கி, அதன் முன்னால் உன்னைக் கிடத்தியிருந்தார்கள். கானா பாட வந்தவர் ஆவடிப் பக்கத்து ஆள், உன்னை அறியாதவர். தூக்குவதற்கு முன் உனக்குப் பிடித்த பாட்டைப் பாட வேண்டும், அது எது என்று உன் அப்பாவிடம் கேட்டார்.

"எனக்கு இன்னாபா தெரியும்? தோ, அந்தப் புள்ளையக் கேளு. ரெண்டும் ஒரே ஒயர்லதான் பாட்டு கேக்கும்" என்றார் உன் அப்பா.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். முதல் வரி தெரியாது. பாடியவர் பெயர் தெரியாது. ஆனால் மெட்டு தெரியும். வாய்க்குள் முணுமுணுத்திருந்தாலே அவர் பிடித்துக்கொண்டிருப்பார். பக்கத்தில் நம் வகுப்பே நின்றிருந்தது. "தெரியலண்ணா" என்றேன். அவர் பொதுவாக ஏதோ பாடினார். உன்னைத் தூக்கிப் போனார்கள்.

இந்த வருடப் பட்டியல் சுத்தமாக இருக்கிறது. போன வருடம் இதற்குத்தானே ஆசைப்பட்டேன்! குரூப்பில் போட்டால் எல்லோரும் பாராட்டுவார்கள். போடவில்லை. பழைய பட்டியலை ஆப்பில் தேடினேன், கிடைக்கவில்லை. உன் போனை உன் அக்கா வைத்திருக்கிறாள், லாக் திறக்க மாட்டேன் என்கிறது. என்னிடம் மிச்சம் இருப்பது அந்த மெட்டு மட்டும்தான், அதுவும் ஒரு காதில் கேட்டது.

மெட்டைப் பாடிக்காட்டினால் போனே பாட்டைக் கண்டுபிடித்துக் கொடுக்குமாம். பஸ்ஸில் நம் சீட்டில் உட்கார்ந்து பாடினேன். "கிடைக்கவில்லை, மீண்டும் முயலவும்" என்று வந்தது. இன்னும் உரக்கப் பாடினேன். முன் சீட்டுக்காரர்கள் திரும்பினார்கள், நம் வகுப்புப் பசங்களும்தான். வெட்கமே வரவில்லை. கானாவைத் தொண்டை கிழியப் பாட முடிகிறது என்னால்.

அன்றைக்கு அந்த ஷட்டர் பக்கத்தில் இதில் பாதி சத்தம் போதுமானதாக இருந்திருக்கும்.