பெண் முதலில் பார்க்கிற நாற்காலி

அக்கா,

ஒரு வாரமாக நிறுத்தி வைத்திருந்த ஏசியை இன்று காலை போட்டார்கள். போட்டவுடன் முதலில் ஒரு வாசனை வருமே, ஈரச் சாக்கும் தூசியும் கலந்த மாதிரி, அது மாலின் மூன்றாவது மாடி முழுக்கப் பரவியது. நான் உங்கள் காபிக் கடைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அந்த வாசனை வந்தால் பால் பாத்திரத்தை மூடிவிட்டு, "ஏனுங்க, மாலு மூச்சு உட்டுருச்சுங்க, கடையத் தொறங்க" என்று நீங்கள்தானே சத்தம் போடுவீர்கள். அங்கே யாருமில்லை. ஆடியிலேயே நீங்கள் கண்ணை மூடிவிட்டீர்கள் என்று இந்தப் பாழாய்ப்போன மூக்குக்கு யார் சொல்வது?

ஏசி போட்டது நமக்காக அல்ல. குடோன்காரர்கள் இடத்தை அளக்க வந்திருந்தார்கள். ஜனங்கள் போனில் வாங்குகிற சாமான்களை அடுக்கி வைத்து வீடு வீடாக அனுப்புகிற கம்பெனி ஒன்று கட்டடம் முழுவதையும் கேட்கிறது. துணிக்கடைகள் நீங்கள் இருக்கும்போதே போய்விட்டன. பிறகு செருப்புக்கடை, பொம்மைக்கடை, கடைசியில் சினிமாவும் போனது. மால் முதலாளியின் மகன் இன்று சாயங்காலத்துக்குள் பதில் சொல்லச் சொல்லியிருந்தான். மூன்றாவது மாடியை நானும் மிச்சமிருக்கிற கடைக்காரர்களும் சேர்ந்து எடுத்து நடத்துகிறோமா, இல்லை காலி செய்கிறோமா? பிளவுஸ் துணி விற்கிற மேட்சிங் கடைக்காரியிடம் கேட்கிற கேள்வியா இது? மற்றவர்கள் எல்லோரும், "நீங்க சொல்றதுதானுங்க" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். இரண்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

நீங்களாக இருந்தால் ஒரு வாய் காபியில் முடிவெடுத்திருப்பீர்கள். மாலில் கூட்டம் குறைந்து, சாப்பாட்டு மேசைகள் வெறுமனே கிடந்த காலத்தில் நாங்கள் எல்லோரும் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நீங்கள் மட்டும் சுற்றிலும் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கடைக்கு வந்து முழங்கையால் இடித்தீர்கள். "அம்மிணி, அந்த மேசையப் பாரு. பட்டுச் சீலை கட்டிக்கிட்டு ஆராச்சும் ஜூஸ் குடிக்க வருவாங்களா?"

பார்த்தேன். ஒரு பக்கம் மல்லசமுத்திரத்துக் குடும்பம், எதிர்ப்பக்கம் சங்ககிரிக் குடும்பம், நடுவில் தலை குனிந்தபடி ஒரு பெண். அட, பெண் பார்க்கிறார்கள்! வீட்டில் வைத்துப் பார்த்தால் தெருவே எட்டிப் பார்க்கும். ஒத்துவரவில்லை என்றால் பார்க்கிறவர்களுக்கெல்லாம் பெண்ணின் அம்மா காரணம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். இங்கே யார் கேட்பது? துணி எடுக்க வந்தோம் என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். என் மேட்சிங் கடையைத் தவிர துணிக்கடையே இல்லாத மாலில் அந்தச் சாக்கு எத்தனை நாளைக்குச் செல்லும் என்று நான் கேட்டேன். மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தீர்கள்.

மறுவாரமே மேசைகளைத் தள்ளித் தள்ளிப் போட்டு, நடுவில் குரோட்டன்ஸ் தொட்டிகளை வைத்தீர்கள். ஒரு குடும்பம் பேசுவது இன்னொரு குடும்பத்துக்குக் கேட்கக்கூடாதாம். காபி வாங்கித்தான் ஆகவேண்டும் என்று யாரையும் நீங்கள் வற்புறுத்தியதில்லை. "ஒண்ணும் வாங்காட்டிப் போகுது, உக்காரட்டும்" என்பீர்கள். உட்கார்ந்தவர்கள் காபியும் குடித்தார்கள், போகும்போது என்னிடம் பிளவுஸ் துணியும் எடுத்தார்கள். பேச்சு முடிந்த வீட்டுக்காரர்கள் நிறம் நிறமாக எடுப்பார்கள், முடியாத வீட்டுக்காரர்கள் சும்மா விரித்துப் பார்த்துவிட்டுப் போவார்கள் என்று நீங்கள் கேலி செய்வதுண்டு.

தரகர் பஸ்ஸைத் தவறவிட்ட அந்த ஞாயிற்றுக்கிழமை ஞாபகமிருக்கிறதா? இரண்டு பெண் வீட்டார் ஒரே நேரத்தில் காத்திருந்தார்கள். தம்மம்பட்டிப் பக்கத்து மாப்பிள்ளை வீட்டார் நேராகப் போய்த் தப்பான மேசையில் உட்கார்ந்துவிட்டார்கள். பேரைக் கேட்டால் மரியாதையாக இருக்காதென்று இரண்டு பக்கமும் கேட்கவில்லை. மழை, மஞ்சள் விலை, பையனின் வேலை எல்லாம் பேசி, இனிப்பும் தின்று முடித்த பிறகுதான் ஒரு பெரியவர், "உங்க குலதெய்வம் எந்தக் கோயிலுங்க?" என்று ஆரம்பித்தார். பார்த்தால் இரண்டு வீட்டுக்கும் ஒரே கோயில். பங்காளிகள்! மாப்பிள்ளையாக வந்தவன் பெண்ணுக்கு அண்ணன் முறை. அதுவரை நிமிர்ந்தே பார்க்காத அந்தப் பெண், "அப்ப வாங்கண்ணா" என்றாளே பாருங்கள், மாடியே அதிர்ந்தது. பக்கத்து மேசையில் காத்திருந்தவர்கள் கொதித்துப் போயிருந்தார்கள். நீங்கள் காபித் தட்டோடு போய், "கோவிச்சுக்காதீங்கொ. அவுங்களுக்குப் பங்காளி கெடச்சுட்டாங்க. உங்களுக்கு மாப்பளை இனித்தான் வருவாரு" என்று சமாளித்தீர்கள். எனக்கு அந்தச் சாமர்த்தியம் ஏழு ஜென்மத்துக்கும் வராது.

ஆனால் நான் உங்களைப் பார்த்து மலைத்துப் போனது அந்த நாற்காலி விஷயத்தில்தான். பெண் உட்காரும் நாற்காலியை மட்டும் எப்போதும் எஸ்கலேட்டரைப் பார்த்தபடி போடுவீர்கள். எதற்கென்று கேட்டேன்.

"பொண்ணு மொதல்ல பாக்கட்டும் அம்மிணி. என்னையப் பாக்க வந்தப்ப தட்டத் தூக்கிக்கிட்டு வந்து அவரு காலைத்தான் பாத்தேன். மூஞ்சிய மணவறையிலதான் பாத்தேன். நல்ல மனுசந்தான், குத்தஞ் சொல்ல மாட்டேன். ஆனாலும் நான் பாத்து வந்தவ இல்லையே."

எஸ்கலேட்டரை நீங்கள் ஓடற படி என்பீர்கள். நம் பக்கத்து அம்மாக்கள் பாதிப் பேருக்கு அதில் கால் வைக்கப் பயம். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை நீட்டி, வெடுக்கென்று இழுத்துக்கொண்டு கீழேயே நிற்பார்கள். அந்த நேரத்தில் மாப்பிள்ளையாக வந்த மகன் என்ன செய்கிறான் என்பது, நடுவில் திறந்த கூடம் என்பதால், மேலே உட்கார்ந்திருக்கிற பெண்ணுக்கு நன்றாகத் தெரியும். அவள் பார்ப்பது அவனுக்குத் தெரியாது.

ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டிகள் வைத்திருந்த வீட்டுப் பையன் ஒருவன் போனைப் பார்த்தபடி மேலே வந்துவிட்டு, அங்கிருந்தே, "இதுகூடத் தெரியாதாம்மா? ஏறி வா, மானத்த வாங்காத" என்று கத்தினான். பிறகு மேசைக்கு வந்து வெகு பணிவாக எல்லோரையும் கும்பிட்டான். பெண் ஜூஸைக் குடித்து முடித்தாள். அவர்கள் போனதும் வேண்டாம் என்றாள். "இத்தனை வசதியான எடம், ஏன் சாமி?" என்று அப்பா கெஞ்சினார். நீங்கள் மேசையைத் துடைத்துக்கொண்டே, "உங்க புள்ள பாத்துருச்சுங்க. அது போதுமுங்க" என்றீர்கள். அந்த மனுஷன் போகும்போது தன் மனைவியின் கையைக் கெட்டியாகப் பிடித்து எஸ்கலேட்டரில் இறக்கிக் கூட்டிக்கொண்டு போனார்.

ஆத்தூர்ப் பையன் ஒருவனும் வந்தான். அவன் அம்மாவைக் கைபிடித்து ஏற்றப் பார்த்து, இருவரும் விழப் போய், கடைசியில் பின்பக்கப் படிக்கட்டில் மூன்று மாடியும் அவளோடு நடந்து வந்தான். சட்டையெல்லாம் வேர்வை. அந்தப் பெண் காபி வருவதற்கு முன்பே சரி என்று தலையாட்டிவிட்டாள். போன மாதம் குழந்தையோடு வந்து உங்களைத் தேடினாள். நான் விஷயத்தைச் சொன்னதும் உங்கள் கவுண்டருக்கு முன்னால் உட்கார்ந்து அழுதாள்.

நீங்கள் போன பிறகு கரண்டு செலவென்று எஸ்கலேட்டரை நிறுத்திவிட்டார்கள். இப்போது எல்லோரும் லிப்டில் ஒரே மாதிரி வந்து இறங்குகிறார்கள். பெண்கள் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.

சாயங்காலம் முதலாளி மகனின் அறைக்குப் போனேன். பொறுமையாகத்தான் பேசினான். "இனி மால்னா ஆருங்க்கா வருவாங்க? அல்லாமே போன்லயே வாங்கிக்கறாங்க."

"வாங்கறதுக்குப் போன் போதுமுங்க தம்பி. ஆள் எப்படின்னு பாக்கறதுக்கு?"

"போட்டோவும் போன்லதானுங்க்கா அனுப்பறாங்க."

"அந்தப் போட்டோவ நம்பாமத்தான் இங்க வாராங்க."

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. மாடியை நாங்களே எடுத்துக்கொள்கிறோம், ஆனால் எஸ்கலேட்டர் ஓடினால்தான் எடுப்போம் என்று சொல்லிவிட்டேன். அவன் முடியாதென்றால் என் கடையும் போச்சு, மற்றவர்கள் பிழைப்பும் போச்சு. குடோன்காரர்கள் அதைக் கழற்றி எடுக்கச் சொல்கிறார்கள் என்றான். கீழ் மாடிகளையெல்லாம் அவர்களுக்குக் கொடுங்கள், ஓடற படியை மட்டும் மூங்கில் தட்டி வைத்து மறைத்து ஓட்டுங்கள் என்றேன். எதற்கு இத்தனை பிடிவாதம் என்று கேட்டான். நீங்கள் செய்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

குடோன்காரர்களின் அளவுத் தாளை மடித்து ஓரமாக வைத்தான். பிறகு, "ஞாயித்துக்கெழமை மட்டும் ஓட்டறமுங்க்கா" என்றான்.

எழுந்து கதவு வரைக்கும் வந்துவிட்டேன். பின்னாலிருந்து கூப்பிட்டான். முகம் சின்னப் பையன் முகம் மாதிரி இருந்தது.

"அக்கா, எனக்கும் பொண்ணு பாக்கறாங்க. எங்கம்மாவுக்கும் அந்தப் படின்னாப் பயமுங்க. அன்னைக்கு நான் என்ன பண்ணோணுமுங்க?"

"அதையும் சொல்லிக் குடுத்துட்டா, பொண்ணு வந்து என்னத்தப் பாக்குமுங்க தம்பி?" என்றேன்.

யோசிக்காமல், பட்டென்று வந்துவிட்டது. இந்த மாதிரி ஒரு பதிலை என் வாழ்நாளில் நான் யாருக்கும் சொன்னதில்லை. வெளியே வந்ததும் உங்கள் கவுண்டருக்கு ஓடி, உங்களை முழங்கையால் இடித்து, நான் என்ன சொன்னேன் தெரியுமா என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. யாரிடம் போய்ச் சொல்வேன்? அதனால்தான் உட்கார்ந்து உங்களுக்கே எழுதுகிறேன், அக்கா.